வாய் நிறையக் குண்டூசி

குளிர் ஆரம்பித்ததும் எங்கள் தெருவுக்கு மேலே ஒரு சத்தம் போகும். கார் ஹாரனும் இல்லை, நாய்க் குரைப்பும் இல்லை. இரண்டையும் கலந்து மூக்கால் பேசினால் எப்படியோ அப்படி. அது காதில் விழுந்ததும் நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடுவேன். கையில் எந்தத் துணி இருந்தாலும் சரி, எதிரில் எந்த மகாராஜா நின்று அவசரம் அவசரம் என்று குதித்தாலும் சரி. 'இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கிறுக்கு' என்று வாடிக்கைக்காரர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். பேசட்டும். அவர்கள் வீட்டுத் தங்கச்சி வாத்து வளர்த்திருந்தால் அவர்களும் ஓடுவார்கள்.

மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கவட்டை மாதிரி விரிந்த வரிசையில் போய்க்கொண்டிருக்கும். பட்டைத்தலை வாத்து. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புப் பட்டை. தையல்காரியாகச் சொல்கிறேன், அந்தப் பட்டை இரண்டும் பைப்பிங் வைத்துத் தைத்தது போல அவ்வளவு சுத்தமாக இருக்கும். உலகத்திலேயே உயரமான பனிமலைகளைத் தாண்டி வருகிற பறவை அது. நாம் ஏறினால் நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு இளைத்து உட்கார்ந்துவிடுகிற உயரம். அந்த உயரத்தில் இது தன் பாட்டுக்குச் சிறகடித்துக்கொண்டு போகும். "அதுக்கு நுரையீரல் பெருசுக்கா. ரத்தமும் வேற மாதிரி. கெடைக்கிற கொஞ்சக் காத்தையும் வீணாக்காது. நீ மிச்சத் துணியில பை தைக்கிறல்ல, அது மாதிரி" என்று சின்னவள் எனக்கு விளங்கும்படி சொல்வாள்.

சின்னவள் என் தங்கச்சி. எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அம்மா அப்பா அடுத்தடுத்துப் போன பிறகு பள்ளிக்கூடம் முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை அவளைத் தூக்கி நிறுத்தியது நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை இல்லாமலும் சொல்லவில்லை.

எனக்கு வாய் நீளம். அதை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் வேண்டாம். கடைப் பெயர்ப்பலகையில் ஏதோ போட்டிருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் அது 'வெடியக்கா கடை'தான். அளவு கொடுத்துவிட்டுப் போய், உடம்பை ஏற்றிக்கொண்டு வந்து, "நீங்க டைட்டா தைச்சிட்டீங்க" என்பவர்களை என்ன, மடியில் வைத்துக் கொஞ்சவா முடியும்? பிடிபிடியென்று பிடிப்பேன். கட்டிங் மாஸ்டரைத் திட்டுவேன், நூல் கொண்டுவருகிறவரைத் திட்டுவேன், ஆளே கிடைக்காவிட்டால் மிஷினைத் திட்டுவேன். வாயில் குண்டூசி இருக்கும்போது மட்டும்தான் எனக்குப் பேச்சு வராது. துணியில் குத்துவதற்குத் தோதாக நாலைந்து குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வது எங்கள் தொழிலில் பழக்கம். நான் கவ்விக்கொண்டதும் கட்டிங் மாஸ்டர் ரேடியோவைத் திருகிச் சத்தம் வைப்பார். "அப்பாடா, இப்பதான் பாட்டு கேக்குது" என்பார்.

சின்னவள் எனக்கு நேர் எதிர். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். அவளுக்குச் சேர வேண்டிய சண்டைகளையெல்லாம் அவளுக்காக நானே போட்டு முடித்துவிட்டேன். டீச்சரோடு, ஹாஸ்டல் வார்டனோடு, ஜன்னல் சீட்டில் துண்டு போட்ட பெரியவரோடு. "கேட்டா பதில் சொல்ல மாட்டியா? வாயில என்னடி, கொழுக்கட்டையா?" என்று அவளையும் சேர்த்துத் திட்டுவேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

ஆனால் குரல் மட்டும் இரண்டு பேருக்கும் அச்சு அசல் ஒன்று. ஒருநாள் அவள் கடைப் போனை எடுத்து, "சொல்லுங்க, என்ன வேணும்?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறாள். மறுமுனையில் இருந்த அம்மா பதறிப்போய், "என்ன வெடியக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு, மாலையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றுவிட்டார்.

அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே ஒரு நீளமான அறை, அதன் ஒரு கோடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு விசிறி. விசிறி அடிக்கிற காற்றை எதிர்த்து வாத்து பறக்கும். பறந்துகொண்டே இருக்கும், ஆனால் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதன் முகத்தில் ஒரு முகமூடி மாட்டி, மலை உச்சியில் இருப்பது போன்ற சன்னமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுத்து, நெஞ்சு எப்படி அடிக்கிறது, ரத்தம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். காட்டிலிருந்து பிடித்துவந்த வாத்து இதற்கெல்லாம் ஒத்துழைக்குமா? கையைக் கடித்துத் துப்பிவிடும். முட்டையிலிருந்தே பழக்கி வளர்த்த வாத்துதான் வேண்டும். அதற்கு ஒரு அம்மா வேண்டும். அந்த அம்மா வேலை சின்னவளுக்கு.

"ஓட்டுக்குள்ள இருக்கும்போதே கடைசி நாள்கள்ல அதுக்குக் காது கேக்க ஆரம்பிச்சிடும்க்கா. எந்தக் குரலைக் கேக்குதோ அதுதான் அதுக்கு அம்மா. வெளிய வந்ததும் அந்தக் குரல் பின்னாலயே வந்துடும். அதனால என் குரலைத் தவிர வேற எதையும் அது கேக்கக் கூடாது" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்து ஆய்வுக்கூடத்தில் பக்கத்துச் சுவரை இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். நாள் முழுக்க டிரில்லிங் மிஷின் சத்தம், அதிர்வு. முட்டைகளை எங்கே வைப்பது என்று அவளுடைய பேராசிரியர் தலையைச் சொறிந்தார். சின்னவள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். முட்டைப் பெட்டியை, அதுதான் அந்தச் சூடு காட்டுகிற கண்ணாடிப் பெட்டியை, வேனில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். கடைக்குப் பின்னால் அவள் படிக்கிற சின்ன அறை. இருட்டாக, கதகதப்பாக, அதிர்வே இல்லாமல் இருக்கும்.

"யாரும் உள்ள போகக் கூடாது. உள்ள போய்ப் பேசக் கூடாது. முக்கியமா நீ" என்று விரலைக் காட்டிச் சொன்னாள். நானும் கடவுள் சத்தியமாக அந்த அறைக்குள் காலடி எடுத்து வைக்கவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போவாள். மாலையில் வந்ததும் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "வா வா வா, கண்ணு, வா" என்று முட்டைகளோடு கொஞ்ச நேரம் பேசுவாள். அப்புறம் வந்து சாப்பிடுவாள். இடிக்கிற வேலை முடிந்ததும் பெட்டி திரும்ப ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கே மறுநாளே ஏழு குஞ்சுகள் பொரிந்தன. ஏழும் சின்னவள் காலைச் சுற்றிக்கொண்டு வந்தன. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

வாத்துகளுக்கு முகமூடி தைத்தது நான். நிஜமாகத்தான் சொல்கிறேன். கடைகளில் கிடைத்த எதுவும் அலகுக்குப் பொருந்தவில்லை. பேராசிரியர் தயங்கித் தயங்கி என் கடைக்கு வந்தார். நான் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய் வாத்துக்கு அளவெடுத்தேன். கழுத்து ஒரு முழம் இருக்கிறது, இடுப்பு என்று எதுவும் இல்லை, தோள்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் சிறகு. முதல் வாத்து என் டேப்பைக் கவ்வி இழுத்தது. எனக்குச் சுர்ரென்று வந்துவிட்டது.

"விடுடி! என்ன பெரிய இவ மாதிரி இழுக்குற? சும்மா நின்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். மூஞ்சியப் பாரு, மூஞ்சிய!"

பேராசிரியர் இரண்டடி பின்வாங்கினார். அந்த வாத்து மட்டும் டேப்பை விட்டுவிட்டு, என் மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தை மடக்கி வைத்துக்கொண்டது. அலகு, கன்னம், பின்மண்டை, ஒவ்வொன்றாக அளந்தேன், அசையவில்லை.

"உன்னக் கண்டு அதுக்கே பயம்க்கா" என்று சின்னவள் சிரித்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட.

மென்மையான ரப்பர் துணி, உள்ளே லைனிங், பின்பக்கம் எலாஸ்டிக். ஏழு முகமூடி. முதுகில் சின்னக் கருவியை வைக்க ஏழு குட்டிக் கோட்டு. என் டேப்பை இழுத்த அந்த வாத்துக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தேன். எதைப் போட்டாலும் சரியில்லை என்று கழுத்தைத் திருப்பிக் குறை சொல்லும். மற்ற ஆறுக்கும் காலில் மஞ்சள் வளையம், அதற்கு மட்டும் நீலம். வாரம் ஒருமுறை கோட்டைத் தளர்த்தித் தைக்கப் போவேன். நான் போய்க் கத்த ஆரம்பித்தால் போதும், ஏழும் தடதடவென்று ஓடிவந்து வரிசையில் நிற்கும். ஆய்வுக்கூடமே அசந்துபோகும். மாணவர்கள், "வெடியக்கா வந்தாங்கன்னா வாத்துகூட ஒழுங்கா இருக்குது" என்பார்கள்.

இப்போது நினைத்தால் அந்த நாட்கள்தான். மாலையில் நான் கடையை மாஸ்டரிடம் விட்டுவிட்டுப் போவேன். சின்னவள் மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் ஓடுவாள். ஏழு வாத்தும் அவள் தலைக்குச் சரிசமமான உயரத்தில் பின்னாலேயே பறக்கும். ஓடி முடித்து, மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்காருவாள். பிளாஸ்கில் நான் கொண்டுபோன டீயை இருவரும் ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடிப்போம். வாத்துகள் எங்களைச் சுற்றிப் புல்லைக் கொத்தும். பேசாத பிள்ளை அந்த நேரத்தில் மட்டும் பேசுவாள். மலை பற்றி, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏரிகள் பற்றி, அங்கே இந்த வாத்துகள் கூடு கட்டுவது பற்றி. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் வாயை மூடிக் கேட்ட ஒரே பேச்சு அதுதான்.

குளிர்காலம் பாதி போனபோது இரண்டு செய்தி ஒன்றாக வந்தன. ஒன்று, ஆராய்ச்சி முடிந்தது. குளிர் முடிவதற்குள் வாத்துகளை எங்காவது அனுப்பியாக வேண்டும். நகரப் பூங்காக்காரர்கள் தங்கள் குளத்துக்குக் கேட்டார்கள், ஆனால் பறந்து போகாதபடி சிறகை வெட்டித்தான் விடுவார்களாம். இரண்டாவது, சின்னவளுக்கு வேலை. மலைக்கு அந்தப் பக்கம், அந்த வாத்துகள் கூடு கட்டுகிற ஏரிக்கரையிலேயே ஒரு ஆராய்ச்சி நிலையம். அவள் சின்ன வயதிலிருந்து கனவு கண்ட இடம்.

"போக மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

"ஏண்டி?"

"இதுங்க காட்டு வாத்துங்களோட சேர்ந்து பறந்து போயிடுச்சுன்னா நானும் போவேன். பார்க்குக்குப் போச்சுன்னா நானும் பார்க்குல வேலைக்குச் சேர்ந்துடுவேன். சிறகை வெட்டின பிள்ளைங்கள விட்டுட்டு நான் மலைக்குப் போய் என்ன ஆராய்ச்சி பண்றது?"

பூங்கா எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. மதியம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாயங்காலம் பிளாஸ்கில் டீ கொண்டுபோகலாம். என் மனசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவளைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? வாத்துக்குச் சிறகு போனால் போகட்டும், என் பிள்ளை என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்; அப்படித்தான் நினைத்தேன்.

ஊருக்கு வெளியே பெரிய ஏரியில் காட்டு வாத்துகள் கூட்டமாக இறங்கியிருந்தன. பேராசிரியர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். தினமும் விடிந்ததும் ஏழையும் கூண்டில் ஏற்றி வேனில் கொண்டுபோய்க் கரையில் விடுவார்கள். அவை காட்டு வாத்துகளோடு நீந்தும், மேயும், சண்டைகூடப் போடும். எல்லாம் சரியாக இருக்கும். சின்னவள் வேனை நோக்கித் திரும்பியதும் ஏழும் எழும்பிப் பறந்துவந்து வேன் கூரையில் உட்கார்ந்துவிடும். கையை ஆட்டி விரட்டினாள், ஒளிந்து பார்த்தாள், மழைக்கோட்டைக் கழற்றிப் பார்த்தாள். வேன் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டால் போதும், கூரையில் 'பொத் பொத்'தென்று சத்தம் கேட்கும். பனி குறைந்துகொண்டே வந்தது. காட்டு வாத்துகள் எந்த நாளும் கிளம்பிவிடும் என்றார் பேராசிரியர்.

ஒருநாள் சின்னவள் கடைக்கு வந்து என் மிஷின் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, எனக்குத் திட்ட வரல."

"என்னது?"

"அதுங்கள விரட்டணும். என்னால முடியல. கோவமா 'போ'ன்னு சொன்னாக்கூடக் கொஞ்சுற மாதிரியே வருது. நீ வந்து திட்டேன். நம்ம குரல் ஒண்ணுதான? அம்மா குரல்லயே திட்டு விழுந்தா வெறுத்துப் போய் ஓடிடும். உன் வாய்க்குப் பயப்படாத ஆளே கிடையாதே."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க அவளுக்காகச் சண்டை போட்ட எனக்கு, அவளை என்னிடமிருந்து பிரித்து அனுப்புவதற்கும் நானே சண்டை போட வேண்டுமாம். ஆனாலும் அவள் கேட்டு நான் எதை மறுத்தேன்? போனேன்.

ஏரிக்கரை ஈரமாக, வழுக்கலாக இருந்தது. காட்டு வாத்துகள் நடு ஏரியில் மொத்தமாக மிதந்துகொண்டிருந்தன. எங்கள் ஏழும் அவற்றோடு கலந்திருந்தன. அவள் மழைக்கோட்டை நான் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஏய்! என்ன நெனச்சுக்கிட்டிருக்கீங்க எல்லாரும்? வெக்கமா இல்ல? கழுத கழுதயா வளந்தாச்சு, இன்னும் கூண்டுல ஏறி வீட்டுக்கு வரணுமா? போங்கடி அங்கிட்டு! இனிமே ஒருத்தியாவது என் கண்ணுல பட்டீங்க, உரிச்சுத் தலைகாணி தச்சுடுவேன், ஆமா!"

நடு ஏரியில் ஏழு தலைகள் நிமிர்ந்தன. அவை ஓடிப்போகவில்லை. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, சிறகை அடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, ஏழும் என்னை நோக்கி வந்தன. சின்னவள் இத்தனை நாள் எத்தனை கொஞ்சிக் கூப்பிட்டும் இவ்வளவு வேகமாக வந்ததில்லை. நான் இன்னும் பலமாகத் திட்டினேன். இன்னும் வேகமாக வந்தன. வந்து என் காலைச் சுற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, சந்தோஷம் தாங்காமல் கூச்சலிட்டன. மாமியார் என் கழுத்தில் தொங்கிய டேப்பைக் கவ்விக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

திரும்பிப் பார்த்தேன். சின்னவள் வெளிறிப்போய் நின்றாள்.

"அக்கா, அந்த ரூமுக்கும் கடைக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"பிளைவுட்."

"பிளைவுட்" என்று அவளும் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் சாயங்காலம் கொஞ்ச நேரம் பேசினேன். நீ நாள் முழுக்க... ஐயோ அக்கா, அதுங்க ஓட்டுக்குள்ள இருந்து கேட்டதெல்லாம் உன் திட்டுதான். அதுங்களுக்கு அதுதான் தாலாட்டு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் ஒரு கட்டத்தில் அழுதாள். "அப்ப நான் யாரு? அதுங்களுக்கு நீதான் அம்மாவா?" என்று ஆறு வயதுப் பிள்ளை மாதிரி கேட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாத்துகள் எங்கள் இரண்டு பேர் மீதும் ஏறி இறங்கின. அவளும் இப்படித்தானே, என் திட்டைக் கேட்டுத்தானே வளர்ந்தாள், என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்துக் காட்டு வாத்துகள் கிளம்புகிற அடையாளம் தெரிந்தது. எழும்புவதும் இறங்குவதுமாக அலைபாய்ந்தன. அன்று காலை சின்னவள் வேனை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொண்டாள்.

"நான் வெளிய வந்தா கூப்பிட்டுடுவேன். நீ கூண்டைத் திற. எதுவும் பேசாத. ஒரு சத்தம் வரக் கூடாது உன்கிட்டருந்து. முடியுமா?"

"எனக்கா?" என்றேன். முன்சீட்டில் இருந்த பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் சட்டையில் குத்தி வைத்திருந்த குண்டூசிகளை எடுத்து, ஒன்றுவிடாமல் உதட்டில் கவ்விக்கொண்டேன். கூண்டைத் திறந்தேன். ஏழும் இறங்கி என்னைச் சுற்றி நின்றன. நிமிர்ந்து என் வாயைப் பார்த்தன. காத்திருந்தன. என்னைக் கண்டதும் கேட்க வேண்டிய திட்டு இன்னும் கேட்கவில்லையே என்று காத்திருந்தன. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். மாமியார் டேப்பைப் பிடித்து இழுத்தது. மறுபடி இழுத்தது. நான் டேப்பைக் கழற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று தண்ணீரில் இறங்கியது. அப்புறம் மற்றதுகளும் இறங்கின. மாமியார் கடைசியாகப் போனது.

காட்டு வாத்துகள் ஒரே சத்தமாக எழும்பின. ஏரித் தண்ணீரே எழும்பிப் போவது போல இருந்தது. எங்கள் ஆறும் அதோடு எழும்பின. மஞ்சள் வளையம் தெரிந்தது. மாமியாரும் எழும்பியது. ஆனால் வரிசையில் சேராமல் திரும்பிவந்தது. என் தலைக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டு கத்தியது. அதைக் கேட்டு இன்னும் இரண்டு மஞ்சள் வளையம் வரிசையை விட்டு விலகின.

ஒரே ஒரு வார்த்தை போதும். "ஏய்" என்றால் போதும், ஏழும் இறங்கிவிடும். பூங்காக் குளத்துக்குப் போகும். சின்னவள் இரண்டு தெரு தள்ளி இருப்பாள். நான் சாகிறவரை சாயங்கால டீ இருவருக்கும் ஒரே மூடியில். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள்; அவளுக்கு வாய் நில்லாது என்று ஊருக்கே தெரியும். வாய் தன்னால் திறக்கப் போனது. கவ்வினேன். குண்டூசி உதட்டில் ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, வலியால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் இன்னும் ஒரு வட்டம் வந்தது. இன்னும் தாழ்ந்து வந்தது. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாயிற்று. நிமிர்ந்தபோது ஏரி காலியாக இருந்தது. மலைப் பக்கம் ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

வேன் கதவு திறந்தது. சின்னவள் வந்து என் உதட்டிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். துப்பட்டாவால் ரத்தத்தைத் துடைத்தாள்.

"நீ கூப்பிட்டுடுவேன்னு நெனச்சேன்க்கா" என்றாள். "கூப்பிட்டிருந்தா நான் உன்மேல கோச்சுக்கிட்டிருக்கவும் மாட்டேன்."

"தெரியும்டி" என்றேன்.

அவளை ரயில் ஏற்றிவிடப் போனேன். பெட்டிகளை ஏற்றினேன், தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், ஸ்வெட்டர் பையைக் கையில் திணித்தேன். எல்லாம் வாய் திறக்காமல். அவள் கதவில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"அக்கா, ஏதாவது சொல்லேன். ஒரு திட்டாவது திட்டேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

நான் உதட்டைப் பிரித்துக் காட்டினேன். குண்டூசிகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரயில் நகர்ந்து, கடைசிப் பெட்டியும் வளைவில் மறையும்வரை நின்றேன். அப்புறம் குண்டூசிகளை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு ஆரம்பித்தேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணாவிட்டால் என்ன செய்வேன், குளிரில் காதை மூடாமல் திரிந்தால் என்ன செய்வேன், சாப்பிடாமல் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வேன், எல்லாவற்றையும் தண்டவாளத்தைப் பார்த்துக் கத்தித் தீர்த்தேன். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த சுமைதூக்குகிறவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "யாரைம்மா திட்டுற?" என்று கேட்டார். "உனக்கென்ன?" என்று அவரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த குளிர் வந்தது. தெருவுக்கு மேலே அந்தச் சத்தம் போனது. மாஸ்டரிடம் கடையைப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஏரிக்கு ஓடினேன். கரை முழுக்க வாத்து. எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றுக்கும் இரண்டு பட்டை. எதை என்று கண்டுபிடிப்பது? சின்னவளுக்குப் போன் போட்டேன். அவள் எடுத்து, "அக்கா, வந்துடுச்சா?" என்றாள்.

"இரு" என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன்.

"ஏண்டி, இதுதான் வர்ற நேரமா? போனா போன எடம், வந்தா வந்த எடம்! ஒரு தகவல் உண்டா, ஒண்ணு உண்டா? இங்க ஒருத்தி வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளே, செத்தாளா பொழச்சாளான்னு ஒரு நெனப்பு வேணாம்?"

கூட்டத்தில் ஒரு தலை நிமிர்ந்தது. காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு கரைக்கு வந்தது. நீல வளையம். கூடவே வளையம் இல்லாத ஒன்று, ஜோடி போலிருக்கிறது, பயந்து பயந்து பின்னால் வந்தது. மாமியார் நேராக வந்து என் டேப்பைக் கவ்வியது. மலையைத் தாண்டிப் போய், மலையைத் தாண்டி வந்து, கவ்வியது. திட்டு பாதியில் நின்றுவிட்டது.

லைன் இருக்கிறதா என்று போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

"இதெல்லாம் அதுக்குச் சொன்னதா, எனக்கா?" என்றாள் சின்னவள்.

"ரெண்டு பேருக்கும்தான்."

"நிறுத்தாதக்கா" என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டு. கேட்டு ரொம்ப நாளாச்சு."

போனில் சார்ஜ் தீரும்வரை திட்டினேன்.